கைராசிக்காரரும் கண்ணாடிக் கம்பெனி சர்வரும்

அந்த மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர் மக்கர் பண்ணினால் யாரும் பதறுவதில்லை. மூன்றாம் மாடிக்கு ஒரு போன் போடுவார்கள். அங்கிருந்து கைராசிக்காரர் இறங்கி வருவார். அவர் கம்ப்யூட்டரைத் தொடக்கூட வேண்டாம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "எங்க, காட்டுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் சர்வர் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடும். ஆறு வருடமாக இதுதான் வழக்கம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. வயது ஐம்பத்தேழு. சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், காலில் இரண்டு தெரு தாண்டியும் கேட்கிற தோல் செருப்பு. இளவயதில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவரை எலக்ட்ரீஷியனாகத்தான் கம்பெனியில் எடுத்தார்கள். முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, "இதுவும் கரண்ட்ல ஓடுறதுதானே" என்று அதையும் அவர் தலையில் கட்டினார்கள். மனிதர் சளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தடித்தடியாகப் புத்தகம் வாங்கிவைத்துப் படித்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கற்றுக்கொண்டார். புரியாத பாதியைச் சர்வரே சொல்லிக்கொடுக்கும் என்று நம்பினார். சர்வரைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவார்.

தரைத்தளத்தில் முன்பக்கம் ஆறு கவுண்டர்கள். வாடிக்கையாளர் பிரேம் பார்ப்பதும், கண் பவரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அங்கே. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் கூடம். தண்ணீர் பீய்ச்சும் சத்தமும் மெஷின் இரைச்சலுமாக எட்டுப் பேர் வேலை செய்வார்கள். முன்னால் ஏற்றிய பவரைப் பின்னால் திரையில் பார்த்துத்தான் தேய்க்க வேண்டும். ஆக மொத்தம் பதினான்கு கம்ப்யூட்டர். அத்தனைக்கும் சேர்த்து மூன்றாம் மாடியில் ஒரே ஒரு சர்வர். எல்லார் கண் விவரமும் அந்தப் பெட்டிக்குள்தான்.

சர்வர் கிடைக்கவில்லை என்றால் நிலைமை சிரிப்பாய்ச் சிரித்துவிடும். லென்ஸ் மாற்றுவதற்காகப் பழைய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெரியவர், விளம்பரத்துக்காக நிறுத்திவைத்த அட்டைப் பெண்ணிடம் போய், "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். பதில் வரவில்லை. இப்படியா ஆணவம் பிடித்த பெண்ணை வேலைக்கு வைப்பது என்று மேனேஜரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒருவரைத் திட்டாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்த ஆசாமியைத்தான். எந்தக் கோளாறு வந்தாலும் திரையில் ஒரே வாசகம் வருகிற மாதிரி எழுதிவைத்துவிட்டு மகராசன் வேறு வேலைக்குப் போய்விட்டார். "சர்வருடன் தொடர்பு இல்லை. நெட்வொர்க்கைச் சரிபார்க்கவும்." கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் அதுதான். பாஸ்வேர்டு தப்பானாலும் அதுதான். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை தருகிற வைத்தியர் போல.

அந்த வாசகத்தை நம்பி நம் ஆள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கேபிள்களை இரண்டு தடவை அடியோடு மாற்றினார். தேய்க்கும் மெஷின் மோட்டார்தான் இடைஞ்சல் செய்கிறதோ என்று, கரண்ட் வயர் பக்கமிருந்த கேபிளையெல்லாம் பிரித்து வேறு சுவரோரமாகக் கொண்டுபோனார். கேபிளெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை மாற்றினார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் சர்வரைப் பிங் பண்ணி, அதாவது "இருக்கியா" என்று குரல் கொடுத்துப் பார்த்தார். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற பிள்ளை மாதிரி சர்வர் உடனுக்குடன் பதில் சொன்னது. வேண்டாதவர்களை உள்ளே விடாமல் தடுக்கிற ஃபயர்வாலை அணைத்தார், பிறகு பயந்துபோய் மறுபடி போட்டார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் மறுநாள் போன் வரும், "அண்ணே, போச்சு." இவர் இறங்குவார். வந்துவிடும்.

ஒரு கட்டத்தில் காரணம் தேடுவதை அவர் விட்டுவிட்டார். கைராசி என்று எல்லாரும் சொல்லச் சொல்ல, இருக்கலாம் என்று அவருக்கும் தோன்ற ஆரம்பித்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தவரைக் கார் அனுப்பிக் கூட்டிவந்து, போர்வையோடு கவுண்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சர்வர் வந்துவிட்டது. மாத்திரையும் வெந்நீரும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதை அவர் ஒரு வருடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

பூரிக்காத ஒரே ஜீவன் அவர் மனைவி. அந்தம்மா முப்பது வருடமாகப் பாலர் வகுப்பு டீச்சர். நாற்பது குழந்தைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவருக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது. கடலைப் பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முதல் தடவை கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டில் போன் வந்தது, பெட்டியோடு திரும்பினார்கள். இரண்டாம் தடவை பஸ் இரண்டு மணி நேரம் ஓடி டீக்கு நிறுத்திய இடத்தில் போன் வந்தது. இறங்கி எதிர் பஸ் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எட்டு நாள் அந்தம்மா கணவரிடம் பேசியது "சாப்பாடு இருக்கு" என்ற இரண்டே சொல்.

இப்போது மூன்றாம் தடவை. பள்ளிக்கூடத்துக்கு நாலு நாள் லீவு. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு அந்தம்மாவே டிக்கெட் எடுத்துவிட்டார். புதன்கிழமை காலையில் டிக்கெட்டை மேஜைமேல் வைத்து, தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்தார்.

"ரெண்டு சீட்டு. நீங்க வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி, நான் போறேன். போன் வந்தா நீங்க இறங்கிக்கோங்க. நான் இறங்க மாட்டேன்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் இல்லன்னா அங்க ஓட மாட்டேங்குதே, நான் என்ன பண்ண?"

"சரி, நீங்க போய் என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல. போய் நிப்பேன்."

"நீங்க ஒண்ணும் பண்ணலன்னா வேற யாரோ ஏதோ பண்றாங்கன்னு அர்த்தம்." அந்தம்மா சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "நான் கிளாசுக்குள்ள நுழையும்போது எல்லாப் பிள்ளைங்களும் தங்கம்தான். நான் இல்லாதப்ப என்ன கூத்து நடக்குதுன்னு தெரியணும்னா உள்ள போகக் கூடாது. வெளியவே நின்னு பாக்கணும்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் போல எழுந்து போனார். ஆனால் அது உள்ளே இறங்கிவிட்டது. செருப்பை மாட்டும்போது வலது இடது மாறிப்போனது.

அன்று பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. கவுண்டர் அக்கா. முன்பக்கத்தில் எல்லாருக்கும் மூத்தவர், கடைக்கே குரல் அவருடையதுதான். "அண்ணே, பின்னாடி ரெண்டு பேருக்கு வரல. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் வாங்க."

எப்போதும் அடுத்த நொடி படியில் இருப்பவர் அன்று நாற்காலியை விட்டு எழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தார். இந்த நிமிடம் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தார். ஆறு வருடத்தில் கோளாறு இருக்கும்போது அதை எடுப்பது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அந்த நேரத்தில் அவர் படி இறங்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்.

பட்டியலில் இருபது வரி இருந்தது. அவர் கணக்குப்படி பதினாலுக்குமேல் இருக்கக் கூடாது. முதல் கவுண்டர் மூன்று தடவை இருந்தது. நாலாம் கவுண்டர் இரண்டு. தேய்க்கும் கூடத்தில் ஒரே கம்ப்யூட்டர் நாலு தடவை. சர்வர் தன்பாட்டுக்கு எழுதிவைக்கிற குறிப்பைத் திறந்தார். "இருபது இடமும் நிரம்பிவிட்டது, இனி யாரையும் விட முடியாது" என்ற பொருளில் வரி வரியாகக் கிடந்தது. முந்தின நாளும் அதேதான், அதற்கு முந்தின நாளும் அதேதான். நெட்வொர்க்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆறே ஆறு கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் யாரோ போட்ட எல்லை, இருபது. அந்தச் சர்வர் ஆறு வருடமாக உண்மையைத்தான் எழுதிக்கொண்டிருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

ஏன் கதவடைக்கிறது என்பது தெரிந்துவிட்டது, தான் இறங்கியதும் ஏன் திறக்கிறது என்பது தெரியவில்லை. அவர் பாதி வேலையோடு விடுகிறவர் அல்ல. மேனேஜருக்குப் போன் போட்டார்.

"நான் படி இறங்கிட்டேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"எங்கண்ணே இருக்கீங்க?"

"மேலதான் இருக்கேன். சும்மா சொல்லுங்களேன்."

மேனேஜர் சொன்னது போனிலேயே கேட்டது. "கைராசி வர்றாருப்பா." அவ்வளவுதான். பட்டியல் இளைக்க ஆரம்பித்தது. இருபது பத்தொன்பதானது. பதினேழு. பதினாலு. பன்னிரண்டில் நின்று, வெளியே நின்ற இரண்டு பேரும் உள்ளே வந்து சமர்த்தாகப் பதினாலு ஆனது. போலீஸைப் பார்த்ததும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுகிற வண்டிக்காரர்கள் போல அத்தனை பேரும் அதிகப்படியாகத் திறந்துவைத்ததை மூடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் புரோகிராம் வந்த புதிதில் கவுண்டர் அக்கா அதை இரண்டு தடவை திறந்துவைத்ததைப் பார்த்து, "ஒருத்தருக்கு ஒண்ணுதான், இன்னொரு தடவ பாத்தேன்னா நடக்குறதே வேற" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தார்.

மறுபடி போன் அடித்தது. கவுண்டர் அக்காவேதான். "அண்ணே, நீங்க படி இறங்கும்போதே வந்துடுச்சு. என்ன கைண்ணே உங்க கை."

அவர் போனை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். கழுவின ஈரம் இன்னும் காயவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, திருட்டுக் கொடுத்தவர் போலத் துக்கமாக இருந்தது.

இருபதை நூறாக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு வரியைத் திருத்தி, சர்வரை ஒரு தடவை நிறுத்திப் போட வேண்டும். அதற்கப்புறம் யார் எத்தனை திறந்துவைத்தாலும் யாருக்கும் கதவடைக்காது. போனும் வராது. அவர் திருத்த வேண்டிய இடத்தில் கர்சரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திருத்தாமலேயே விட்டுவிட்டு, கடற்கரையிலிருந்து தினம் ஒரு தடவை "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று மட்டும் சொன்னால் என்ன என்றுகூட யோசித்தார். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்த யோசனை அவருக்கு ரொம்பவே பிடித்திருந்தது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் திருத்தினார்.

சத்தம் போடாமல் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை மேனேஜர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். மனிதர் நல்லவர்தான், பயந்த சுபாவம்.

"அண்ணே, சனிக்கிழமை நானூறு கண்ணாடி கொடுக்கணும். ஃபேக்டரி ஆளுங்களுக்கான ஆர்டர். ஊருக்கு அடுத்த மாசம் போய்க்கலாமே."

"நேத்து மதியத்துலருந்து ஒரு போன் வந்துச்சா?"

"நீங்க மேல உக்காந்திருக்கீங்கல்ல, அதான் வரல. நீங்க ஊர் எல்லையத் தாண்டினா போயிடும். எனக்குத் தெரியாதா? லீவு கையெழுத்து போட எனக்கு தைரியம் இல்லண்ணே."

டிக்கெட்மேல் இருந்த டம்ளர் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. நான் இறங்க மாட்டேன் என்று சொன்ன முகமும் வந்தது. அந்தம்மா சொன்னால் சொன்னதுதான். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து போய்விடுவார். இவர் ஆயுசுக்கும் இந்தப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.

"எல்லாரையும் கூப்பிடுங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

சாயங்கால டீ நேரத்தில் பதினாலு பேரும் தேய்க்கும் கூடத்தில் கூடினார்கள். மெஷின்களை நிறுத்தியதில் காது அடைத்துத் திறந்தது போல் இருந்தது. அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"புரோகிராம ரெண்டு மூணு தடவ திறந்து வெச்சுக்குறது யாரு? நான் திட்ட மாட்டேன்."

எல்லாரும் டீயை ஊத ஆரம்பித்தார்கள். கடைசியில் கவுண்டர் அக்கா கையைத் தூக்கினார். "நான்தாண்ணே. மன்னிச்சுக்கோங்க. நான் ஒருத்திதான்."

"நீயா? நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்," என்றார் லென்ஸ் தேய்ப்பவர்களில் மூத்தவர். காலையில் தாமதமாக வந்து, "போச்சு போச்சு" என்று முதலில் கத்துகிறவர் அவர்தான். "நான் நாலு திறந்து வெப்பேன்."

"நாலு எதுக்குய்யா?"

"ஒண்ணு போச்சுன்னா கையில ஒண்ணு இருக்கட்டும்னுதான். மூடிட்டா மறுபடி உள்ள விடாதே. பஸ்ஸுல கர்சீப் போட்டு எடம் பிடிக்கிறதில்லையா?"

அதன்பிறகு கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இடம் கிடைக்காதே என்ற பயத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று கர்சீப் போட்டுவைத்ததால்தான் இடம் கிடைக்காமல் போனது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் திருட்டுத்தனம் செய்கிறோம் என்று நினைத்து, செருப்புச் சத்தம் கேட்டதும் நல்லபிள்ளையாகிவிட்டார்கள். எல்லார் கையும் எழுந்த பிறகு, மேனேஜர் அசடு வழிந்துகொண்டே, "நான் சில நாள் இவங்க இல்லாதப்ப கவுண்டர் சீட்டுல உக்காந்து..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"யார்மேலயும் தப்பில்ல. இருபதுக்குமேல எடமில்லாம இருந்துச்சு. இப்ப நூறு போட்டுட்டேன். எத்தன வேணும்னாலும் திறந்துக்கோங்க. இனிமே நான் வர வேண்டியதே இல்ல." டீ டம்ளரை மெஷின்மேல் வைத்தார். "கைராசின்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நான் திட்டுவேன்னு நீங்க பயந்தீங்க, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டார். அந்தப் பேரை அவரே ஊரறிய எடுத்து எறிந்துவிட்டார். கவுண்டர் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது இருக்கட்டும்ணே. எதுக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி முன்பக்கமா ஒரு தடவ நடந்துட்டுப் போயிடுங்க."

மேனேஜர் லீவில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினார்கள். பஸ் ஸ்டாண்டில் போன் வரவில்லை. டீக்கு நிறுத்திய இடத்தில் அந்தம்மா சீட்டை விட்டு எழவே இல்லை, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவர் முகத்தையே பார்த்தார். அங்கேயும் வரவில்லை. சனிக்கிழமை நானூறு கண்ணாடியும் போயிருக்க வேண்டும். இவர் போனை நாலு தடவை எடுத்துப் பார்த்தார். சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லா ஓடுதுண்ணே," என்றார் கவுண்டர் அக்கா. "ஆளுங்க நிக்கிறாங்க, வெச்சிடட்டுமா?" வைத்தும்விட்டார்.

அன்று மதியம் அவர் மணலில் செருப்பைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். கடல் அவர் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது, அதை ரசிக்கத்தான் முடியவில்லை. தான் நல்ல வேலைக்காரன், வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சமாதானமாகவில்லை. இனி யாருக்கும் தான் வேண்டாதவன் என்பது அவர் நெஞ்சில் ஈரத்துணி மாதிரி கனத்தது. முப்பது அடி தள்ளி அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றார். அலை வரும்போது பின்னால் ஓடினார், போகும்போது முன்னால் போனார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. துள்ளி எழுந்து, யாரென்றுகூடப் பார்க்காமல் காதில் வைத்தார்.

"சொல்லுங்க, என்ன ஆச்சு? திரையில என்ன வருது?"

"நான்தாங்க." மனைவியின் குரல். நிமிர்ந்து பார்த்தார். அந்தம்மா கடலைப் பார்த்தபடியே ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "முழங்கால் வரைக்கும் வந்துட்டேன். இதுக்கு மேல தனியாப் போகப் பயமா இருக்கு. கொஞ்சம் வர்றீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா. நான் வந்து என்ன பண்ணப் போறேன்?"

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன? வாங்களேன்."

"இதோ வந்துட்டேன், அங்கேயே நில்லு," என்றார். போனை அணைக்கக்கூடச் செய்யாமல் செருப்புக்குள் போட்டுவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு ஓடினார்.